அப்பாவின் பெயர் மட்டும் ஏறவில்லை

அத்தியாயம் 14

கோயில் மண்டபத்து மேசையில், லேப்டாப் திரையில் மறுபடியும் அதே சிவப்பு எழுத்து வந்து உட்கார்ந்தது. 400. பேட் ரிக்வெஸ்ட்.

"போ, சனியனே" என்றாள் உமாராணி.

பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அப்பா சின்னையா திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் பச்சை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் கெட்டது என்று இந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஏறலியா?"

"இல்லப்பா."

"பரஞ்சோதி வீட்டுது?"

"அது முந்தாநாளே ஏறிருச்சு."

அவர் தலையாட்டினார். காலையிலிருந்து இதே கேள்வியை வீடு மாற்றி வீடு மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில். ஏறிவிட்டது. சின்னையா வீட்டைத் தவிர.

புக்கிட் மெலாத்தி தோட்டம் கைமாறிய கதையை இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. ரப்பர் போய்ப் பாமாயில் தரும் செம்பனை வந்தது, இப்போது செம்பனையும் போகிறது. தோட்டத்தை வாங்கிய கம்பெனி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறது. இடிபடுகிற வீட்டுக்காரர்களுக்குச் செமிலிங் போகும் சாலையில் மலிவு விலை வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் பெயரைப் பதிந்தவர்களுக்குத்தான் வீடு. பதிவு இணையத்தில் மட்டும்தான். கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

யார் பதிவது என்று கோயில் கமிட்டி கூடியபோது எல்லாத் தலையும் உமாராணி பக்கம் திரும்பின. சுங்கைப்பட்டாணியில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலி கேட்கமாட்டாள். வேறென்ன வேண்டும்? தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் வீடு வீடாகப் போய் விவரம் வாங்கி, ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை என்று கணினியில் ஏற்றி, அந்த வரிசைகளை ஒவ்வொன்றாகக் கம்பெனி சர்வருக்கு அனுப்ப ஒரு சின்ன நிரலும் எழுதினாள்.

முதலில் எல்லா வரிசையுமே திரும்பி வந்தது. போன் நம்பரின் முதல் பூஜ்யத்தை எக்செல் விழுங்கியிருந்தது. பிறந்த தேதியில் நாளும் மாதமும் சர்வர் கேட்ட முறையில் இல்லை. அடையாள அட்டையான ஐசியின் நம்பருக்கு நடுவே கோடு போடலாமா கூடாதா என்று ஒரு நாள் போயிற்று. ஒவ்வொன்றாகத் திருத்தத் திருத்த, ஒவ்வொரு வீடாகப் பச்சையாயிற்று. கடைசியில் அவள் பிறந்த வீடு மட்டும் மிஞ்சியது.

இந்த 400 இருக்கிறதே, அது ஒரு தினுசு. சர்வர் படுத்துவிட்டால் வேறு எண் வரும். கடவுச்சொல் தப்பென்றால் அதற்கு வேறு எண். 400 வந்தால், 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ அனுப்பியதுதான் சரியில்லை' என்று அர்த்தம். எது சரியில்லை என்று விவரமாகச் சொல்கிற சர்வர்களும் உண்டு. இந்தக் கம்பெனி சர்வர் சொல்லாது. விருந்தில் உட்கார்ந்து, இலையைத் தள்ளிவிட்டு, காரணம் சொல்லாமல் எழுந்து போகிற மாப்பிள்ளை மாதிரி. குறை என்ன என்று நாம்தான் சமையல்கட்டு முழுக்கத் தேட வேண்டும்.

பரஞ்சோதி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். நல்ல மனசுக்காரி. வாய்க்கு மட்டும் கதவு கிடையாது.

"ஊருக்கெல்லாம் ஏத்திட்டே. ஒங்கப்பாவுதுதான் ஏற மாட்டேங்குதாம்லா? கமிட்டில பேசிக்கிறாங்க, கடைசில அவசரத்துல தப்பா அடிச்சிருக்கும்னு."

"தப்பா அடிக்கலக்கா."

"நான் சொல்லல, அவங்க சொல்றாங்க."

உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். தேத்தண்ணி நன்றாக இருந்தது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

*

இன்று வெள்ளி. கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோலாலம்பூரில் வேலை நாள். அந்த ஒரு புண்ணியம் இருந்தது, கம்பெனியின் உதவி எண்ணில் ஆள் இருப்பார்கள். இஸ்ஸதி என்ற பெண்தான் இந்த வாரம் முழுக்க எடுத்தாள். மலாயில் 'காக்', அக்கா, என்று இனிமையாகப் பேசுவாள், ஒன்றுக்கும் உதவமாட்டாள்.

"நீங்க அனுப்புற டேட்டாவ ஒருக்கா செக் பண்ணுங்க, காக்" என்றாள் இஸ்ஸதி.

"பண்ணிட்டேன். எந்தக் கட்டம் தப்புன்னு மட்டும் சொல்லுங்க. பதில்ல ஒண்ணுமே வரல. வெறும் அடைப்புக்குறிதான் வருது."

"அது எங்களுக்கும் தெரியாது காக். கையேட்டப் பாருங்க. அஞ்சு மணிக்கு சிஸ்டம் மூடிரும்."

கையேட்டை உமாராணி மனப்பாடமே செய்துவிட்டாள். இனி ஒரே வழிதான். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற வழி. ஏறிய ஒன்றை எடுத்துக்கொள். ஏறாத ஒன்றைப் பக்கத்தில் வை. ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி அனுப்பு. எந்தக் கட்டத்தை மாற்றியதும் சிவப்பாகிறதோ, அதுதான் குற்றவாளி.

நல்லவேளையாகக் கம்பெனி ஒரு சோதனை முகவரியும் கொடுத்திருந்தது. அங்கே அனுப்பினால் சரியா தப்பா என்று சொல்லும், எதையும் பதிவு செய்யாது. பரஞ்சோதி அக்காவின் வரிசையை எடுத்தாள். அவள் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டாள். பச்சை. அப்பாவின் வீட்டு எண். பச்சை. அப்பாவின் போன் நம்பர். பச்சை. வேலையில் சேர்ந்த வருடம், வேலையை விட்ட வருடம், குடும்பத்தில் எத்தனை பேர். பச்சை, பச்சை, பச்சை.

பிறந்த தேதியையும் ஐசி நம்பரையும் சேர்த்தே மாற்றினாள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதால். அதுவும் பச்சை.

"ஏறுதா?" என்று அப்பா எழுந்து வந்தார்.

"இது சோதனைப்பா. உக்காருங்க."

ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது. அதை அவள் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினாளா என்று கேட்டால், ஆமாம், தள்ளினாள். காலையிலிருந்து அதன்மேல் கண் படாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பத் தலைவரின் நிலை. கையேட்டில் இரண்டு எண்தான் இருந்தது. குடிமகன் என்றால் 1. நிரந்தரவாசி என்றால் 2. தோட்டத்தில் எல்லாருக்கும் 1. அப்பாவுக்கு 2. பிறந்ததற்குப் பத்திரம் இல்லாததால் அப்பாவுடையது சிவப்பு ஐசி.

மாற்றி அனுப்பினாள். சிவப்பு.

மறுபடி 1 போட்டாள். பச்சை. 2 போட்டாள். சிவப்பு.

கையேட்டில் 2 என்று ஒரு எண்ணை எழுதிவைத்துவிட்டு, உள்ளே அதை வாங்காமல் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகத் தன் நிரலில் குற்றம் தேடினாளே, நிரலில் ஒரு குற்றமும் இல்லை. அப்பாவைத்தான் சர்வர் வேண்டாம் என்கிறது.

இஸ்ஸதியை மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை நேராகவே கேட்டாள். "குடும்பத் தலைவர் மேரா ஐசி, சிவப்பு அட்டைன்னா உங்க சிஸ்டம் ஏத்துக்காதா?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மேல அப்படித்தான் செட் பண்ணச் சொன்னாங்க, காக். கையேட்ட இன்னும் மாத்தல போல. குடும்பத்துல ஒருத்தரா இருக்கலாம். தலைவரா இருக்க முடியாது." பிறகு தாழ்ந்த குரலில், "மாஆப் யா, காக்" என்றாள்.

அந்த மன்னிப்பு உண்மையானதுதான். உண்மையான மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

*

அப்பாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணுன்னு போட்டா ஏறுமா?"

"ஏறும்."

"அப்ப ஒண்ணுன்னு போடு."

"அப்பா..."

"என்னா பொய் சொல்றோம்? நான் எங்க பொறந்தேன்? இந்தா, இந்த மூணாவது லயத்துல. எங்கம்மா என்னயப் பெத்துட்டு மறுவாரமே பால் வெட்டுக்குப் போயிருச்சு. நான் வேற நாட்டப் பாத்ததே இல்ல. பினாங்குப் பாலத்தத் தாண்டுனதே ரெண்டு தடவ. ஒண்ணுன்னு போடு."

"நீங்க சொல்றது பொய் இல்லப்பா. ஆனா அவங்க நேர்ல வந்து ஐசியப் பாப்பாங்க. பொய் எழுதுனோம்னு உங்க பேர அடிச்சிருவாங்க. நான்தான் எல்லார் வீட்டுக்கும் எழுதுனது. அப்புறம் எல்லார் வீட்டயும் கெளறுவாங்க."

சின்னையா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளால் முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பிறகு செம்பனைக் குலை அறுத்தார். இந்தத் தோட்டத்தில் அவர் கைபடாத மர நிரை இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் குடியுரிமைக்கு ஒரு நேர்காணல் வந்தது. அலோர் ஸ்டார் போக வேண்டும். மகன் ஜெயகுமாரிடம்தான் காடி, அதாவது கார், இருந்தது. வருகிறேன் என்றான். சின்னையா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்து முச்சந்தியில் காலையிலேயே போய் நின்றார். நின்றார், நின்றார், வெயில் ஏறும்வரை நின்றார். ஜெயகுமார் அன்றைக்குக் கூட்டாளிகளோடு கோத்தா கோலா மூடாவில் மீன் வாங்கப் போயிருந்தான். மறந்துவிட்டானாம். மாலையில் ஒரு பை நிறைய மீனோடு வந்து சொன்னான். சின்னையா அந்தப் பையை வாங்கவில்லை. அன்றைக்கு நிறுத்தியதுதான் மகனோடு பேச்சை. வேறு தேதி கேட்டு எழுதலாம் என்று உமாராணி எத்தனையோ முறை சொன்னாள். மறுபடி முச்சந்தியில் போய் நிற்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புரிகிறது.

"உன் பேருல போடேன்மா" என்றார் அப்பா.

"என் பேருல வீடு இருக்கேப்பா. வீடு இருக்கிறவங்க எழுத முடியாது."

இதைச் சொல்லும்போது உமாராணியின் குரல் கசந்தது. அவள் பெயரில் வீடு இருக்கிறது, உண்மைதான். செமிலிங் தாமான் குடியிருப்பில், இரண்டு அறை, முன்பக்கம் காடி நிறுத்த இடம். அதில் குடியிருப்பது ஜெயகுமாரும் அவன் மனைவி காஞ்சனாவும் அவர்கள் மகளும். பழைய மோட்டார் கடனைக் கட்டாமல் விட்டதால் ஜெயகுமாருக்கு எந்த பேங்க்கும் லோன் தராது. 'தங்கச்சி, உன் பேருல மட்டும் எழுதிக்குவோம், மத்ததெல்லாம் அண்ணன் பாத்துக்கிறேன்' என்றான். கையெழுத்துப் போட்டாள். நம் குடும்பங்களில் இப்படி ஒரு கையெழுத்துப் போடாத தங்கச்சி யாராவது இருந்தால் கை தூக்குங்கள். அவள் மட்டும் இன்னும் சுங்கைப்பட்டாணியில் வாடகை அறையில் இருக்கிறாள்.

இப்போது சர்வரின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? உமாராணி வீட்டுக்காரி. அப்பா அந்நியர். சொந்த வீடில்லாத, இந்தத் தோட்டத்தில் பிறந்த, குடிமகனுக்கான நீல ஐசி வைத்திருக்கிற ஏழை ஒருவன்தான் இந்தக் குடும்பத்தில் இருக்கிறான். அவன் பெயர் ஜெயகுமார்.

அண்ணன் பெயரைத் தலைவராகவும், அப்பாவைச் சார்ந்திருப்பவராகவும் போட்டுச் சோதனை முகவரிக்கு அனுப்பினாள். உடனே பச்சை.

"அவன்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றார் சின்னையா. அவள் இன்னும் எதையும் சொல்லவேயில்லை.

"நீங்க பேச வேணாம். நான் பேசிக்கிறேன்."

*

நாலரை மணிக்கு ஜெயகுமாரின் காடி கோயில் வாசலில் வந்து நின்றது. வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். காஞ்சனா பின்னாலேயே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மாமனாரைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா மாமா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவளோடு அவருக்குப் பகையில்லை.

ஜெயகுமார் விஷயத்தைக் கேட்டான். முதலில் சிரித்தான்.

"இதுக்குப் போயி இவ்ளோ சூசாவா, இவ்ளோ தொந்தரவா? ஒண்ணுன்னு போட்டு அனுப்பிட்டுப் போலா."

"முடியாதுண்ணே. செக் பண்ணுவாங்க."

"சரி. அப்ப நான்தான் தலவரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வீடு என் பேருல வரும்?"

"உங்க பேருல வரும். அப்பா இருக்கிற வர அப்பா இருக்கணும் அதுல."

"இருக்கட்டுமே. நான் வேணாம்னா சொன்னேன்?"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே உமாராணிக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலை வைத்துக்கொண்டு உட்கார நேரமில்லை. அண்ணனின் ஐசி நம்பர், போன் நம்பர் எல்லாம் அடித்தாள். உண்மையான முகவரிக்கு அனுப்பினாள். தலைவரின் போனுக்கு ஓடிபி எண் போகும், அதை அடித்தால்தான் பதிவு முழுதாகும்.

ஜெயகுமாரின் போன் சட்டைப் பையில் ஒலித்தது. எடுத்துப் பார்த்தான். எண் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"சொல்லுங்கண்ணே."

அவன் சொல்லவில்லை. போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

"அவரு கேக்கட்டும்."

"யாரு?"

"அப்பாதான். ஆறு வருசமா என்னய மனுசனா மதிக்கல. என் மக காதுகுத்துக்கு வந்தாரா? சொந்தக்காரன் அத்தன பேரும் கேட்டான், எங்கடா ஒப்பான்னு. நான் எங்க போயி மொகத்த வச்சிக்கிறது? இன்னிக்கு என் பேரு வேணும், என் ஐசி வேணும், என் போனு வேணும். நான் மட்டும் வேணாம், அப்படித்தானே? வாயத் தொறந்து ஒரு தடவ கேக்கட்டும். குடுக்கிறேன்."

"அண்ணே, இது கொஞ்ச நேரந்தான் இருக்கும். அப்புறம் செல்லாது."

"செல்லாட்டி இன்னொண்ணு அனுப்பு."

சின்னையா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எண் செல்லாமல் போயிற்று. உமாராணி இன்னொன்று அனுப்பினாள். அதுவும் போயிற்று. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சர்வரில் கூட்டம், ஒவ்வொரு தடவையும் பதில் வரத் தாமதமாயிற்று.

"ஏங்க, நம்பரச் சொல்லிருங்க" என்றாள் காஞ்சனா. "வயசானவரு."

"நீ சும்மா இரு."

உமாராணிக்கு அழுகை வந்தது. அழவில்லை, கத்தினாள். "நீங்க இருக்கிற வீடு யாரு பேருல இருக்குன்னு நெனவிருக்கா? நான் என்னிக்காச்சும் என் கால்ல விழுன்னு சொன்னேனா? ஒரு நம்பருண்ணே! ஒரு நம்பரு!"

"அது வேற, இது வேற" என்றான் ஜெயகுமார். அவன் கண்ணும் சிவந்திருந்தது. அவனுக்கும் வலிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை நான். ஆனால் வலிக்கிறவன் எல்லாம் அடுத்தவன் கழுத்தைப் பிடிக்கலாம் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

உமாராணி அப்பாவிடம் போய்க் குனிந்தாள். "அப்பா. ஒரே ஒரு வார்த்த. எனக்காக."

"வீடு போனா என்னம்மா?"

"போனா நீங்க எங்கப்பா இருப்பீங்க? என் ரூம்ல ஒரு கட்டிலுக்குத்தான் எடம். வீட்டுக்காரம்மா ஆள் சேக்க விட மாட்டாங்க. அண்ணன் வீட்டுக்கு நீங்க போக மாட்டீங்க. வருசக் கடைசில இடிக்கிறான். எங்க போறது?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். அம்மா பிரேமாவதி செத்த அன்றுகூட இப்படிப் பார்த்ததில்லை. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

மேசைக்கு வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முதுகைக் கொஞ்சம் வளைத்தார். உமாராணி சின்னப் பெண்ணாக இருந்தபோது, மாதச் சம்பளத்தில் பிடித்ததைக் கேட்கத் தோட்டத்து ஆபீஸுக்குள் போவாரே, கணக்குப் பார்க்கும் கிராணி முன்னால் நிற்பாரே, அதே நிற்பு.

"ஐயா" என்றார் சின்னையா. "கொஞ்சம் மனசு வச்சு அந்த நம்பரச் சொல்லுங்கய்யா. நேரமாகுது."

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பரஞ்சோதி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயகுமார் நாற்காலியை விட்டு எழுந்தான். "அப்பா..." என்றான். "நான் அப்படிக் கேக்கலப்பா."

சின்னையா நின்ற நிலையிலேயே நின்றார். பதில் வரும்வரை அப்படித்தான் நிற்பார். அவருக்குப் பழக்கம்.

உமாராணி இன்னொரு எண் அனுப்பினாள், காஞ்சனாதான் மேசைமேல் கிடந்த போனை எடுத்தாள். புதிதாக வந்திருந்த எண்ணை அவளே படித்தாள். உமாராணி அடித்தாள். ஒரு தடவை தப்பாயிற்று, அழித்து மறுபடி அடித்தாள். அனுப்பினாள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை வந்தது. 201. ஏற்றுக்கொள்ளப்பட்டது. குடும்பத் தலைவர், ஜெயகுமார். சார்ந்திருப்பவர், சின்னையா.

"ஏறிருச்சுப்பா" என்றாள். சந்தோஷம் துளிகூட இல்லை அந்தக் குரலில்.

"சரிம்மா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

ஜெயகுமாரின் போன் மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை ஓடிபி இல்லை, கம்பெனியிடமிருந்து மலாயில் நீளமான செய்தி. அவன் அதைப் படித்தான். படித்துவிட்டுத் தங்கச்சியிடம் நீட்டினான்.

உமாராணி வாய்விட்டுப் படித்துத் தமிழில் சொன்னாள். புதன்கிழமை அதிகாரிகள் லயத்துக்கு நேரில் வருவார்கள். குடும்பத் தலைவர், சார்ந்திருப்பவரோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு செல்லாது.

"குடியிருக்கணும்னா?" என்றாள் காஞ்சனா. "அந்த லயத்துலயா?"

"புதங்கிழம எனக்கு ஷிப்ட்டு இருக்கு" என்றான் ஜெயகுமார். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "நான் வர்றேம்ப்பா. இன்னிக்கே வேணும்னாலும் வர்றேன். அஞ்சு நாள்தானே. லீவு போட்டுட்டு வந்து தங்குறேன்."

சின்னையா மகனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கட்டில அவருக்குப் போட்டுக் குடுத்துரும்மா. ஐயா வீட்டுல நான் கீழயே படுத்துக்கிறேன்."